தடாதகைப் பிராட்டியார்

மலயத்துவச பாண்டியனும் காஞ்சனமாலையும் புத்திரப்பேறு வேண்டி இயற்றிய வேள்வித் தீயில் மூன்று தனங்களுடைய சிறுமியாய்த் தோன்றி, முடிசூடி, திக்விஜயம் புறப்பட்டுக் கயிலையில் சிவகணங்களை முறியடித்து, சிவபெருமானையே வெல்ல வில்லேந்தி நின்றவிடத்து, அவரைக் கண்ட கணத்தில் ஒரு தனம் மறைய, நாணித் தலைகவிழ்ந்த பாண்டிய அரசி. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் விரிக்கும் 64 லீலைகளில் இவர் அவதாரம் நான்காவது, விவாகம் ஐந்தாவது. பகைத்து வந்தவளுக்குப் பதியாகி, தெய்வக் கோலம் துறந்து, சுந்தர பாண்டியன் என்னும் மானிட மன்னனாய் இறைவர் மதுரையில் அரசு வீற்றிருந்தமையால், வென்றவர் இவரே எனல் தகும். மதுரைச் சித்திரைத் திருவிழாவில், மாசி வீதிகளில் அம்மனாய் இவர் சுவாமியை எதிர்க்கும் திக்விஜயத்தின் மறுநாள் திருக்கல்யாணம். அன்று சுமங்கலிகள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வர்.