கால் நகம் மஞ்சளாகி தடிக்குதா? நகச்சொத்தைக்கு வீட்டில் என்ன செய்யலாம், எப்போது டாக்டரிடம் போகணும்?

கால் கட்டைவிரல் நகம் ஓரத்தில் லேசாக மஞ்சளாகும். அப்புறம் தடிக்கும், மாவு மாதிரி உதிரும். வலி இல்லாததால் பலரும் வருஷக்கணக்கில் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இது வெறும் அழகுப் பிரச்சனை கிடையாது.

நகச்சொத்தை என்றால் என்ன?

நகத்திலும் அதன் அடியிலும் வளரும் பூஞ்சைத் தொற்றுதான் நகச்சொத்தை. விரலில் எலுமிச்சம்பழம் செருகுவோமே, அது நகச்சுத்தி. அதில் நகத்தைச் சுற்றிய சதை வீங்கி வலிக்கும். இரண்டும் வேறு வேறு.

பெரும்பாலும் இது கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணில் இருந்துதான் நகத்துக்குப் பரவுகிறது. இரண்டுக்கும் காரணம் ஒரே வகைப் பூஞ்சை.

ராஜபாளையம் பகுதியில் யார் கவனமா இருக்கணும்?

பூஞ்சைக்குப் பிடித்தது ஈரமும் சூடும். நூற்பு மில்களில் நூல் அறுந்துவிடாமல் இருக்க காற்றில் ஈரப்பதத்தைக் கூட்டியே வைப்பார்கள். அங்கே ஷிஃப்ட் முழுக்க மூடிய ஷூவில் நிற்பவர்களுக்கு கால் வேர்த்துக்கொண்டே இருக்கும். சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிகளை வெளுக்கும் இடங்களில் தண்ணீரிலேயே நிற்பவர்கள், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் நெல் வயலில் இறங்குபவர்கள், வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோரும் இந்தப் பட்டியலில் வருவார்கள்.

முதலில் டெஸ்ட், பிறகு மருந்து

நிறம் மாறிய நகம் எல்லாமே பூஞ்சை இல்லை. ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் அது பூஞ்சையாக இருக்கும். சோரியாசிஸ், பழைய அடி, இறுக்கமான ஷூ ஆகியவற்றாலும் நகம் இதே மாதிரி மாறும்.

நகத்துகளைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் எளிய பரிசோதனை இருக்கிறது. கல்ச்சர் டெஸ்ட் என்றால் ரிசல்ட் வர சில வாரம் ஆகும். ஏற்கெனவே கிரீம் எதுவும் போட்டிருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அதனால் பூஞ்சை இருந்தும் 'இல்லை' என்று ரிசல்ட் வரலாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

- குளித்ததும் விரல் இடுக்கை நன்றாகத் துடைத்து உலர விடுங்கள்.
- நகத்தை நேராக வெட்டுங்கள். தடித்த பகுதியை அரத்தால் மெதுவாகத் தேயுங்கள். அந்த நகவெட்டியை வீட்டில் வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்.
- பருத்தி சாக்ஸ் போடுங்கள், தினமும் மாற்றுங்கள். ஒரே ஷூவை அடுத்தடுத்த நாள் போடாமல் காயவிடுங்கள்.
- சேற்றுப்புண் இருந்தால் அதையும் சேர்த்துக் குணமாக்குங்கள். இல்லையென்றால் நகத்துக்குத் திரும்பவும் வரும்.

மஞ்சள், பூண்டு, வினிகர், டீ ட்ரீ ஆயில் இதெல்லாம் நகச்சொத்தையைக் குணமாக்கும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. தடித்த நகத்துக்குள் அவை போதுமான அளவு இறங்குவதும் இல்லை. வினிகரைக் கலக்காமல் ஊற்றினால் தோல் புண்ணாகும். மருதாணி வைத்தால் நிறம்தான் மறையும், நோய் அப்படியே இருக்கும்.

டாக்டர் என்ன தருவார்?

தொற்று லேசாக இருந்தால் நகத்தில் பூசும் மருந்து. அமோரால்ஃபின் 5 சதவீத மருந்தை வாரம் 1 அல்லது 2 முறை பூச வேண்டும். கால் நகத்துக்கு 9 முதல் 12 மாதம் வரை ஆகும்.

தொற்று அதிகம் என்றால் மாத்திரை. டெர்பினாஃபின் பெரியவர்களுக்கு வழக்கமாக தினம் 250 மில்லிகிராம், 12 வாரம். அதற்கு முன் கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். இன்னொரு மருந்தான இட்ராகோனசோல், இதயம் பலவீனமாக இருப்பவர்களுக்கு ஆகாது. சில கொலஸ்ட்ரால் மாத்திரைகளோடும் சேராது. அதனால் நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரையையும் டாக்டரிடம் காட்டுங்கள். கர்ப்பிணிகளுக்கு பொதுவாக இந்த மாத்திரைகள் தருவதில்லை.

மெடிக்கலில் நீங்களாகவே கேட்டு வாங்கும் கலவை கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கலாம். அரிப்பு குறைந்த மாதிரி தெரியும், ஆனால் பூஞ்சை பரவும். 2018-ல் மத்திய அரசு, தோலில் பூசும் 14 ஸ்டீராய்டு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது இதனால்தான்.

3 மாதம் சாப்பிட்டும் நகம் மாறலையே?

பலர் மனம் தளர்வது இங்கேதான். கால் நகம் மாதத்துக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர்தான் வளரும். கட்டைவிரல் நகம் முழுசா புதுசாக 12 முதல் 18 மாதம் ஆகும். மாத்திரை முடிந்த பிறகும் பழைய நகம் அப்படியே தெரிவது இயல்புதான்.

ஒரு சின்ன வழி: நல்ல நகமும் கெட்ட நகமும் சந்திக்கும் இடத்தை மாதம் ஒருமுறை போட்டோ எடுத்து வையுங்கள். அடியில் இருந்து நல்ல நகம் வளர்ந்து, அந்தக் கோடு நுனியை நோக்கி நகர்ந்தால் மருந்து வேலை செய்கிறது.

உடனே டாக்டரிடம் போகணும், எப்போது?

- சர்க்கரை நோய் இருந்தால். காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குத் தடித்த நகம் குத்திப் புண்ணானாலும் தெரியாது. அந்தப் புண் முற்றினால் விரலை எடுக்கும் நிலைகூட வரலாம். இவர்கள் நகத்தைத் தாங்களாகவே தேய்க்கவோ வெட்டவோ வேண்டாம்.
- விரல் சிவந்து, வீங்கி, சீழ் வைத்தால்.
- நகத்துக்கு அடியில் கறுப்புக் கோடு புதிதாக வந்தாலோ, அகலமானாலோ. அபூர்வமாக அது புற்றுநோயாக இருக்கலாம்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளில் முதலில் காட்டலாம். தேவைப்பட்டால் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள்.

இன்றைக்கு ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் சர்க்கரை இருக்கும் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டியின் கால்விரல்களை வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். குனிந்து பார்க்க அவர்களால் முடியாமல் இருக்கலாம்.