பெயரை மறைக்கும் கட்டளை: அதை எப்படிச் சோதிப்பது?

1977, 1983 வன்செயல்களுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வன்னிக்குச் சென்று குடியேறிய குடும்பங்கள் பல. 2009இல் முடிந்த போர் அவர்களை மீண்டும் இடம்பெயர வைத்தது. வட்டவளையில் அவர்களின் உறவினர்களிடம் சாட்சியங்களைப் பதிவுசெய்யும்போது நான் முதலில் கொடுக்கும் உறுதி, "உங்கள் பெயர் வெளியே வராது" என்பதுதான். அந்த உறுதியைக் காப்பதில் ஒரு சிறிய கணினி நிரலுக்கும் பங்கிருக்கிறது. நாம் சொல்லும் பெயர்களைக் கோப்பில் தேடி அது மறைக்கும். இத்தகைய நிரலை எழுதுபவர்களுக்கும் எழுதுவித்துப் பயன்படுத்துபவர்களுக்கும் இந்தக் குறிப்பு.

கட்டளை வரி என்றால் என்ன?

நிரலை இயக்க நாம் தட்டச்சு செய்யும் ஒற்றை வரிதான் அது:

மறை --பெயர் "பொன்னம்மா" பதிவு1

"மறை" என்பது நிரல். "--பெயர்" என்பது தெரிவு. அடுத்து வருவது அதன் மதிப்பு, கடைசியில் இருப்பது கோப்பு. வேலையைத் தொடங்குமுன் நிரல் இந்த வரியைப் பிரித்துப் பொருள்கொள்ளும். பைதன் மொழியில் இதைச் செய்யும் 'ஆர்க்பார்ஸ்', 2.7, 3.2 பதிப்புகளிலிருந்து மொழியுடனேயே வருகிறது. வரியை நிரல் தவறாக விளங்கிக்கொண்டாலும் சில வேளைகளில் எந்த எச்சரிக்கையும் தராமல் ஓடி முடியும். பெயர் மட்டும் கோப்பில் அப்படியே இருக்கும்.

தவறு நேரும் நான்கு இடங்கள்

முதலாவது, "இல்லை" என்பது "ஆம்" ஆகிவிடுவது. "--ஊர்-காட்டு இல்லை" என்று எழுதுகிறோம். இத்தெரிவை 'பூல்' வகையாக அமைத்திருந்தால், வெறுமையாக இல்லாத எந்தச் சொல்லையும் பைதன் "ஆம்" என்றே எடுத்துக்கொள்ளும். ஊர் வெளியே தெரிந்துவிடும். மதிப்பே கேட்காத தெரிவாக அமைப்பது பாதுகாப்பானது.

இரண்டாவது, சுருக்கம். ஊரை மறைப்பதாக நினைத்து ஒருவர் "--ஊர்" என்று மட்டும் தட்டினால், வேறு பொருத்தம் இல்லாதபோது ஆர்க்பார்ஸ் அதை "--ஊர்-காட்டு" என எடுத்துக்கொள்ளும். 3.5 பதிப்பிலிருந்து இந்த வசதியை நிறுத்திவைக்கலாம்.

மூன்றாவது, இடைவெளி. இரண்டு சொற்களாலான பெயரை மேற்கோள் குறிக்குள் இடாவிட்டால் முதற்சொல் மட்டுமே பெயராகும். அடுத்த சொல் கோப்பின் பெயராகக் கொள்ளப்படும்.

நான்காவது, தமிழுக்கே உரியது. "பொ" என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், எகரக் குறியும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. நாம் தட்டிய "பொன்னம்மா" ஒரு விதமாகவும் கோப்பிலுள்ளது மறு விதமாகவும் இருந்தால் பெயர் மறையாது. கட்டளையையும் கோப்பையும் யுனிகோட்டின் 'என்எஃப்சி' வடிவத்துக்கு மாற்றிய பின்னரே ஒப்பிட வேண்டும்.

தெளிவான சோதனை

வரியைப் பிரிக்கும் பகுதியைத் தனிச் செயற்கூறாக எழுதுங்கள். ஆர்க்பார்ஸுக்குச் சொற்களைப் பட்டியலாக நேரடியாகக் கொடுக்கலாம் என்பதால், உண்மையான கோப்பு எதையும் தொடாமலே சோதிக்க முடியும்.

ஒரு சோதனை ஒரு விடயத்தை மட்டும் பார்க்கட்டும். அதன் பெயர் முழு வாக்கியம்போல இருக்கட்டும்: "தெரிவு எதுவும் தராதபோது ஊர் மறைந்தே இருக்கும்." சோதனை தோற்றால் என்ன உடைந்தது என்பது அந்தப் பெயரிலேயே தெரிய வேண்டும். எதிர்பார்க்கும் விடையைக் கையால் எழுதுங்கள். நிரலின் கணக்கையே சோதனையிலும் திரும்ப எழுதினால் இரண்டும் சேர்ந்தே பிழைக்கும்.

ஏற்கக்கூடாத வரிகளையும் சோதியுங்கள். ஆர்க்பார்ஸ் ஒரு வரியை மறுக்கும்போது 2 என்ற வெளியேற்றக் குறியீட்டுடன் நிற்கும். அந்த எண்ணைச் சோதனை உறுதிசெய்ய வேண்டும். 'பைடெஸ்ட்' கருவியில் ஒரே சோதனையைப் பல உள்ளீடுகளுடன் ஓட்டலாம். மேற்சொன்ன நான்கு தவறுகளையும் அதில் வரிசையாகக் கொடுக்கலாம்.

எழுதி முடித்ததும் நிரலை வேண்டுமென்றே ஒருமுறை உடைத்துப் பாருங்கள். அப்போதும் சோதனை தோற்காவிட்டால் அதனால் பயனில்லை. சோதனைக் கோப்பில் உண்மையான சாட்சிகளின் பெயர்களை ஒருபோதும் இடாதீர்கள். நிரலைப் பிறருடன் பகிரும்போது சோதனைகளும் கூடவே போகும்.

சோதனைக்கு அப்பால்

இத்தனை சோதனைகளிலும் தேறிய நிரல்கூட, சொன்ன பெயரை மட்டுமே மறைக்கும். தோட்டத்தில் ஒருவரை அடையாளம் காண லயன் இலக்கமும் மகன் காணாமலாக்கப்பட்ட ஆண்டுமே போதும். ஆகவே கோப்பை அனுப்புமுன் அந்தத் தோட்டத்தை அறிந்த, சாட்சி சொன்னவர் நம்பும் ஒருவர் அதை ஒருமுறை முழுதாக வாசிக்க வேண்டும்.