பெயரேடும் கல்லறையும்: தமிழகக் கிறித்தவக் குடும்ப வரலாற்றை மீட்பதில் பங்குப் பதிவேடுகளின் இடமும் வரம்பும்

ஆய்வுச் சுருக்கம்

ஊர்க் குடும்பங்களின் வரலாற்றை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, திருச்சபைப் பதிவேடு, அடக்கச் சான்று ஆகிய மூன்றையும் இணைத்து மீட்கும் முறை ஐரோப்பாவில் உருவானது. தமிழகத்தில் ஆள்பெயர் தாங்கிய கணக்கெடுப்பு ஏடுகள் ஆய்வாளருக்குக் கிட்டுவதில்லை. ஆகவே அம்முறையை இங்கு அப்படியே கைக்கொள்ள இயலாது. கணக்கெடுப்பு விட்ட இடத்தைப் பங்குகளின் குடும்ப ஏடுகளும் ஞானப்பெற்றோர் குறிப்புகளும் ஓரளவு நிரப்பும் என்பதையும், பதிவுகளில் காணும் இரட்டைப் பெயர்களையும் இடைவெளிகளையும் சமூக வரலாற்றுச் சான்றாகவே படிக்க வேண்டும் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச் சொற்கள்: குடும்ப வரலாறு, ஞானஸ்நானப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, கல்லறை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பெயரிடல்

முன்னுரை

கோயிற் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் கொடையளித்தவர் பெயர் நிற்கிறது. நிலம் உடையவர் பெயர் பட்டாவிலும் கிரயப் பத்திரத்திலும் நிற்கிறது. இவ்விரண்டும் இல்லாத கூலியாள், பனையேறி, மீனவர், கைவினைஞர் ஆகியோரின் குடும்பங்கள் மூன்று தலைமுறைக்கு அப்பால் எழுத்துச் சான்றில் பெரும்பாலும் தென்படுவதில்லை. அவர்களுள் திருச்சபையில் சேர்ந்தோருக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. பிறந்தபோது ஒரு வரி, மணந்தபோது ஒரு வரி, இறந்தபோது ஒரு வரி என அவர்கள் வாழ்வு ஏட்டில் பதிந்திருக்கிறது. அந்த வரிகளைக் கொண்டு குடும்பங்களை எவ்வளவு தொலைவு பின்தொடரலாம், எங்கு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதே இங்கு எழும் வினா.

முறையின் தோற்றம்

இங்கிலாந்தில் 1538இல் தாமஸ் குரோம்வெல் பிறப்பித்த ஆணையால் ஒவ்வொரு பங்கும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதியலாயிற்று. கத்தோலிக்கத் திருச்சபையில் திரெந்து பொதுச்சங்கம் 1563இல் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கியது; 1614இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல் இறப்புப் பதிவையும், குடும்ப வாரியாகப் பங்கு மக்களை எழுதிவைக்கும் 'ஆன்மாக்களின் நிலை' ஏட்டையும் சேர்த்தது. இத்தகைய ஏடுகளிலிருந்து ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனித் தாளில் மீளக் கட்டும் முறையைப் பிரான்சில் லூயி ஆன்றி 1950களில் வகுத்தார். இ. ஏ. ரிக்லி அதனை இங்கிலாந்தின் கோலிடன் ஊருக்குப் பொருத்தி 1966இல் கட்டுரை வெளியிட்டார்.

இங்கிலாந்தில் இம்முறைக்குக் கணக்கெடுப்பு பெருந்துணையாக அமைகிறது. 1841 முதல் ஒவ்வொருவர் பெயரும் எழுதப்பட்ட ஏடுகள் எஞ்சியுள்ளன. 1851 முதல் குடும்பத் தலைவருக்கு உள்ள உறவும் பிறந்த ஊரும் அவற்றில் குறிக்கப்பட்டன. அடக்கப் பதிவில் காணும் ஒருவரைக் கணக்கெடுப்பில் கண்டு, பிறந்த ஊரை அறிந்து, அவ்வூர்த் திருமுழுக்கு ஏட்டுக்குச் செல்வது அங்கு இயல்பான வழி.

கணக்கெடுப்பு தரும் உதவி

சென்னை மாகாணத்தில் 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு பற்றிய அறிக்கையை டபிள்யூ. ஆர். கார்னிஷ் எழுதினார். இந்தியா முழுவதற்கும் ஒரே காலத்தில் நிகழ்ந்த முதற் கணக்கெடுப்பு 1881இல் நடைபெற்றது. இவ்விரண்டிலும் பின்வந்தவற்றிலும் ஆய்வாளருக்குக் கிடைப்பவை அச்சிட்ட தொகை அட்டவணைகளே. 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, கணக்கெடுப்பாளர் நிரப்பிய ஏடுகளைப் பார்வையிட எவருக்கும் உரிமை இல்லை.

எனினும் அட்டவணைகளை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஒரு வட்டத்தில் கிறித்தவர் தொகை எவ்வளவு என அவை காட்டுகின்றன. அதே பகுதிப் பங்குகளில் அவ்வாண்டுகளில் பதிவான பிறப்பு, இறப்புத் தொகையை அதனோடு ஒப்பிட்டால், பதிவேடு எத்தனை பேரை விட்டுவிட்டது என மதிப்பிடலாம். குழந்தை அடக்கங்கள் மிகக் குறைவாக இருப்பின் சிசு மரணங்கள் பதியப்படவில்லை என்றே ஐயுற வேண்டும். கணக்கெடுப்பு இங்கு குடும்பத்தைக் காட்டுவதில்லை. பதிவேட்டின் நிறைவைச் சோதிக்கும் அளவுகோலாகிறது.

ஆளை ஆளோடு இணைக்கும் பணிக்குக் கத்தோலிக்கப் பங்குகளின் குடும்ப ஏடே கைகொடுக்கிறது. 'ஆன்மாக்களின் நிலை' ஏட்டின் வழிவந்த இந்நூல், எஞ்சியுள்ள இடங்களில், வீட்டார் அனைவரையும் ஒரே பக்கத்தில் நிறுத்துவதால் ஆள்பெயர்க் கணக்கெடுப்புக்கு நிகரான பயனைத் தருகிறது.

பதிவேடுகளின் தொடர்ச்சியும் முறிவும்

தமிழகப் பதிவேடுகள் ஒரே நிறுவனத்தின் தொடர்ச்சியான ஆவணங்கள் அல்ல. சீகன்பால்குவும் புளூட்சோவும் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தனர். 1707இல் அங்கு முதல் திருமுழுக்குகள் நிகழ்ந்தன. மதுரை மிசனை நடத்திய இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்டு 1814இல் மீட்கப்பட்டது. அச்சபையினர் 1830களின் இறுதியில்தான் மதுரைக்குத் திரும்பினர். இடைப்பட்ட காலத்தில் பங்குகள் வேறு குருக்களின் பொறுப்பில் இருந்தன. அதன் பின்னும் போர்ச்சுகீசிய ஆதரவுரிமையின் கீழிருந்த கோவைக் குருக்களுக்கும் உரோமை அனுப்பிய குருக்களுக்கும் இடையே அதிகாரப் பூசல் நீடித்தது. 1838இல் திருத்தந்தை பிறப்பித்த ஆணையும் அதைத் தணிக்கவில்லை. 1886 உடன்படிக்கையே பெரும்பகுதியைத் தீர்த்தது. இக்காலத்தில் ஒரு குடும்பத்தின் மூத்த பிள்ளை ஒரு கோயிலிலும் இளைய பிள்ளை எதிர்த்தரப்புக் கோயிலிலும் திருமுழுக்குப் பெற்றிருக்கக்கூடும். ஓர் ஏட்டில் குடும்பம் திடீரென மறைந்தால், ஊரைவிட்டுப் போயினர் என முடிவுகட்டுமுன் மற்ற ஏட்டையும் புரட்ட வேண்டும்.

சென்னை மாகாண ஆலயப் பதிவுகளின் படிகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. 1698 முதலான அத்தொகுதி இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. அதில் மிகுதியும் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியருமே இடம்பெறுவதால் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊர்ப் பங்கின் மூல ஏடே முதன்மைச் சான்று. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டத்தின் பதிவுப் படிவம் மணமக்களின் வயது, தொழில், இருப்பிடம், தந்தை பெயர் ஆகியவற்றைக் கேட்டது. ஆகவே அதன் பின்வந்த திருமணப் பதிவுகள் முந்தையவற்றினும் இணைப்புக்கு ஏற்றவை.

பெயர்ச் சிக்கல்

ஐரோப்பிய முறை குடும்பப் பெயரை அச்சாகக் கொண்டது. தமிழகத்தில் முத்துக்குளித்துறைப் பரதவரிடம் பெர்னாண்டோ, மோத்தா, வாஸ் போன்ற போர்ச்சுகீசியப் பெயர்கள் வழங்குகின்றன. பலர் ஒரே பெயரைத் தாங்குவதால் அவற்றின் பிரித்தறியும் ஆற்றல் குறைவு. பிற சமூகங்களில் தந்தை பெயரே முன்னெழுத்தாக நிற்கும். தலைமுறைதோறும் அது மாறும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால், சவரிமுத்து மகன் அந்தோணி, அந்தோணி மகன் சவரிமுத்து என ஒரே இணை மாறிமாறி வரும். ஆண்டைக் கவனியாதவர் பாட்டனையும் பேரனையும் ஒருவராக்கிவிடுவர்.

மொழிபெயர்ப்பு மற்றொரு சிக்கல். இலத்தீனில் எழுதிய குரு பேதுருவைப் பெத்ருஸ் என்பார். ஊரார் அவரை இராயப்பன் என அழைப்பர். சின்னப்பன் பவுலையும், அருளப்பன் யோவானையும், சூசை யோசேப்பையும் குறிக்கும். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற நீலகண்டனுக்கு இடப்பட்ட இலாசர் என்னும் பெயரே தேவசகாயம் எனத் தமிழாயிற்று. மறுபுறம், பெயர் காலத்தையும் காட்டும். 1858இல் லூர்து நகரில் நிகழ்ந்ததாகக் கூறப்படும் காட்சிக்குப் பின்னரே லூர்துசாமி, லூர்துமேரி எனும் பெயர்கள் பரவ இயலும். ஆண்டு சிதைந்த ஒரு கல்லறையின் காலத்துக்கு அப்பெயரே கீழெல்லை.

எனவே பெயர் ஒற்றுமை ஒன்றையே கொண்டு இணைப்பு செய்தல் ஆகாது. தந்தை பெயர், ஊர், தொழில், மனைவி பெயர், ஞானப்பெற்றோர் ஆகியவற்றுள் இரண்டேனும் ஒத்துவந்த பின்னரே இருவரை ஒருவரெனக் கொள்ளலாம். ஞானப்பெற்றோர் பெரும்பாலும் தாய்மாமன், அத்தை, பெரியப்பன் முதலிய நெருங்கிய உறவினர். ஆகவே அக்குறிப்பு, தந்தைவழியை மட்டும் காட்டும் முன்னெழுத்து மறைத்த தாய்வழியை வெளிக்கொணர்கிறது.

கல்லறைச் சான்று

கல்லில் பொறித்தது உறுதியான சான்று எனக் கருதுவது இயல்பு. 1905இல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் தொகுத்த சென்னைக் கல்லறை எழுத்துகளின் பட்டியல் இன்றும் பயன்தருகிறது. ஆயின் கல் இருக்கும் இடம் உடல் கிடக்கும் இடம் என்று சொல்வதற்கில்லை. 1680இல் அர்ப்பணிக்கப்பட்ட புனித ஜார்ஜ் கோட்டைப் புனித மேரி ஆலயத்தைச் சூழ்ந்துள்ள பழங்கற்கள் அங்கு இறந்தோரின் புதைகுழிகள் மேல் நிற்பவை அல்ல. 1758–59இல் இலாலி கோட்டையை முற்றுகையிட்டபோது பழைய இடுகாட்டின் கல்லறைகள் பகைவருக்கு மறைவிடமாயின. பின்னர் அங்கிருந்த கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு ஆலய வளாகத்தில் பதிக்கப்பட்டன. எலிகு யேலின் மகன் அடங்கிய கல்லறை மட்டும் பழைய இடத்திலேயே, பிற்காலச் சட்டக் கல்லூரி வளாகத்துள், எஞ்சியது.

கல்லெழுப்பப் பொருள் வேண்டும். ஏழையின் மேடு சில பருவ மழையில் கரைந்துவிடும். மரச்சிலுவை அதற்கு முன்பே மட்கும். ஆதலால் கல்லறைத் தோட்டத்தை மட்டும் கொண்டு எழுதும் குடும்ப வரலாறு வசதியுள்ளோர் வரலாறாகவே முடியும். அடக்கப் பதிவேட்டிலுள்ள பெயர்களையும் தோட்டத்தில் எஞ்சிய கற்களையும் ஒப்பிட்டால் கல் பெறாதோர் யாவர் என்பது புலப்படும். அப்பதிவேட்டுக்கும் எல்லை உண்டு. 1876–78 பஞ்சத்தில் ஊர்விட்டுச் சென்று வழியில் இறந்தோரும், இலங்கை, மலாயா, மொரீசியசு நாடுகளுக்குத் தொழிலாளராய்ச் சென்று மடிந்தோரும் பிறந்த பங்கின் இறப்பேட்டில் இடம்பெறார். திருமுழுக்கு இருந்து அடக்கம் இல்லாத வரிகள் பெருகினால், ஊரின் இடப்பெயர்வை ஆராயத் தொடங்கும் இடம் அதுவே.

சாதியும் ஆய்வறமும்

வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த ஆலயம் சாதிவாரியாக மக்களைப் பிரித்து அமர்த்தும் வகையில் கட்டப்பட்டது. அத்தடுப்பு 1910இல் அகற்றப்பட்டபோது எழுந்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. ஆலயத்துள் இருந்த பிரிவினை கல்லறைத் தோட்டத்திலும் பல ஊர்களில் தொடர்ந்தது. ஆகவே ஒரு கல்லறை தோட்டத்தின் எப்பகுதியில் உள்ளது என்பதும் பதிந்துகொள்ள வேண்டிய தரவாகும்.

இத்தரவு வாழ்வோரையும் தொடுவது. 1950ஆம் ஆண்டு அட்டவணைச் சாதிகள் ஆணை இந்துக்களுக்கு மட்டும் அத்தகுதியை வழங்கிற்று. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. இதனால் ஆலயத்தில் ஒரு பெயரும் அரசு ஆவணத்தில் மற்றொரு பெயரும் தாங்கும் நிலை சில குடும்பங்களில் உண்டாயிற்று. அவ்விரு பெயர்களையும் இணைத்து வெளியிடும் ஆய்வாளர், ஒரு மாணவரின் கல்வி உதவித்தொகையையோ ஒருவரின் பணியையோ கேள்விக்குள்ளாக்கக்கூடும். அண்மைத் தலைமுறைகளின் பதிவுகளைப் பெயர் மறைத்துத் தொகையாக மட்டும் பயன்படுத்துவதும், குடும்பத்தாரின் ஒப்புதலின்றி இணைப்பை வெளியிடாமையும் இத்துறையில் இன்றியமையாத நெறிகள்.

முடிவுரை

தமிழகக் குடும்ப வரலாற்றாய்வில் கணக்கெடுப்பு அளவுகோலாகவும், குடும்ப ஏடு இணைப்புக் கருவியாகவும், கல்லறை சமூக நிலையின் சான்றாகவும் பயன்படுகின்றன. இவற்றை ஒன்றன் குறையை மற்றொன்று காட்டுமாறு ஒப்பிட்டுப் படித்தால்தான் கல் நாட்ட இயலாதோரின் வரலாறும் எழுதப்படும். அதற்கு முதற்பணி, கறையானும் ஈரமும் அரிக்கும் பங்கு ஏடுகளைத் திருச்சபைகளின் ஒத்துழைப்போடு எண்மப்படுத்தலும், கல்லறைத் தோட்டங்களின் வரைபடங்களைச் சீரமைப்புப் பணிகள் தொடங்குமுன் உருவாக்கலுமாகும். ஓர் ஏடு அழிந்தால், வேறெங்கும் எழுதப்படாத பல குடும்பங்களின் பெயர்கள் அதனோடு மறைந்துவிடும்.