கிண்டியும் பழைய செங்கல்பட்டு மாவட்டமும்

கிண்டி இன்று சென்னை மாவட்டத்தின் ஒரு பகுதி. 20ஆம் நூற்றாண்டில் நகரம் தெற்கே விரியும் வரை அது செங்கல்பட்டு மாவட்டத்தின் சைதாப்பேட்டை வட்டத்தைச் சேர்ந்திருந்தது. நகரை ஒட்டி, ஆனால் நகருக்கு வெளியே இருந்த இந்த நிலையே கிண்டியின் வரலாற்றைப் பெரிதும் வடிவமைத்தது.

மாவட்டத்தின் தோற்றம்

செங்கல்பட்டு மாவட்டம் பழைய தொண்டை மண்டலத்தின் நிலப்பரப்பில் அமைந்தது. தொண்டை மண்டலம் 24 கோட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது என்பது மரபு. இன்றைய சென்னையின் பல ஊர்கள் புலியூர்க் கோட்டத்தில் இருந்தன. 1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி இப்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு நடத்திய அளவீட்டில் ஏறத்தாழ 2000 ஊர்களின் நிலம், ஏரி, குடும்பங்கள், தொழில்கள் பற்றிய விவரங்கள் திரட்டப்பட்டன. அவற்றுக்கு அடிப்படையான ஊர்க்கணக்குகள் தமிழில் பனையோலையில் எழுதப்பட்டவை. ஆங்கில ஆட்சி வேரூன்றுவதற்கு முந்தைய ஊர் வாழ்க்கையை அறிய இவை முதன்மைச் சான்றுகள்.

கிண்டியின் வளர்ச்சி

1821இல், தாமஸ் மன்றோ ஆளுநராக இருந்தபோது, கிண்டி மாளிகை ஆளுநரின் புறநகர் இல்லமாக அரசுக்கு வாங்கப்பட்டது. மன்றோ ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தவர். ரயத்துவாரி முறையை நிலைநிறுத்தியவர். மாளிகையைச் சூழ்ந்த காட்டின் ஒரு பகுதியே 1978இல் கிண்டி தேசியப் பூங்கா ஆனது. அதன் பரப்பு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்.

நகரில் கிடைக்காத பரந்த நிலம் இங்கு இருந்ததால் நிறுவனங்களும் வந்தன. 1899இல் கிங் நிலையம் தொடங்கப்பட்டது. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய பொறியியல் கல்லூரி 1920இல் கிண்டிக்கு மாறியது. 1959இல் தொடங்கிய இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கும் இக்காட்டிலிருந்தே நிலம் தரப்பட்டது.

எல்லை மாற்றங்கள்

1859 முதல் மாவட்டத் தலைமையிடமாக இருந்த சைதாப்பேட்டை 1968இல் அத்தகுதியைக் காஞ்சிபுரத்திடம் இழந்தது. 1997இல் மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டானது. 2019இல் செங்கல்பட்டு மீண்டும் ஒரு மாவட்டத்தின் பெயரானது. ஆனால் கிண்டி அதில் இல்லை. ஸ்காட்லாந்திலும் பழைய கவுண்டிகள் 1975இல் உள்ளாட்சி அலகுகளாக இருப்பது முடிவுற்றது. லனார்க்‌ஷயர், பெர்த்‌ஷயர் போன்ற பெயர்கள் மட்டும் மக்கள் வழக்கில் நீடிக்கின்றன.

மரபின் நிலை

எல்லைகள் மாறியபோது பெயர்கள் தங்கின. நீர்நிலைகள் அவ்வாறு தங்கவில்லை. கிண்டிக்கு வடக்கே இருந்த மாம்பலம் நெடிய ஏரி 1920களில் தியாகராய நகருக்காக வற்றவைக்கப்பட்டது. இன்று ஏரிகளும் வயல்களுமாக இருந்த பழைய மாவட்டத்தை இங்கே காண்பது அரிது. நகரின் நடுவே எஞ்சிய கிண்டிக் காடும் பர்னார்டு காலத்து ஓலைக் கணக்குகளும் அந்த நிலத்தை அறிய உதவும் அரிய சான்றுகள். இவற்றைக் காப்பது ஊரின் நினைவைக் காப்பதாகும்.