பழைய கோர்ட்டுக் கட்டுகளில் நம் ஊரும் குடும்பமும்: திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தாருக்கு ஒரு வழிகாட்டி

நம் மஹல்லாக்களில் இரண்டு கேள்விகள் அடிக்கடி எழுகின்றன. "எங்கள் முப்பாட்டனார் எந்த ஊரிலிருந்து வந்தார்?" என்பது ஒன்று. "இந்தக் கபரஸ்தான் நிலம் வக்ஃப் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பெரியவர்களின் நினைவை நம்புகிறோம். அது பெரும்பாலும் மூன்று தலைமுறையோடு நின்றுவிடுகிறது. இரண்டாவதற்குப் பட்டாவை எடுத்து நீட்டுகிறோம். நிலம் யாரிடமிருந்து, எதற்காக வந்தது என்பதைப் பட்டா சொல்லாது. இரண்டுக்கும் விடை கிடைக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. அது பழைய முன்சீப் கோர்ட்டு வழக்குக் கட்டு.

முஸ்லிம் உலகில் இது பழகிய வழிதான். ஜெருசலம், டமாஸ்கஸ், கெய்ரோ நகரங்களின் காழி நீதிமன்றப் பதிவேடுகளை 'ஸிஜில்' என்பார்கள். ஜெருசலத்தின் பதிவேடுகள் 16ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கின்றன. சாதாரண வியாபாரிகள், விதவைகள், வக்ஃப் நிர்வாகிகள் ஆகியோரின் வாழ்க்கையை வரலாற்று ஆசிரியர்கள் அவற்றிலிருந்துதான் எழுதினார்கள். நமக்கு அந்த இடத்தில் இருப்பவை முன்சீப் கோர்ட்டுக் காகிதங்கள்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு அந்தக் காகிதங்களின் மொழி அந்நியமாகவும் இராது. முன்சீப் என்றால் இன்ஸாஃப் செய்பவர். தாவா என்பது தஃவா, தபசில் என்பது தஃப்ஸீல், நகல் என்பது நக்ல். அசல், வாரிசு, வக்காலத்து, ஜப்தி, ரத்து, அமீனா எல்லாம் அரபு வேரிலிருந்து கோர்ட்டுத் தமிழுக்கு வந்த சொற்களே.

எந்தக் கோர்ட்டில் தேடுவது?

1993 செப்டம்பர் 30 வரை விழுப்புரம் தனி மாவட்டம் அல்ல. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தின் பகுதி. திண்டிவனம், விழுப்புரம் முன்சீப் கோர்ட்டுகள் கடலூர் ஜில்லா கோர்ட்டின் கீழ் இயங்கின. ஆகவே பழைய கட்டுகளைத் தேடுபவர் உள்ளூர் முன்சீப் கோர்ட்டு, விழுப்புரம் மாவட்ட நீதிமன்றம், கடலூர் மாவட்ட நீதிமன்றம் ஆகிய மூன்று இடங்களின் ஆவண அறைகளிலும் விசாரிக்க வேண்டும். 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதையும் அந்தப் பகுதியினர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தாலுகா எல்லைகளும் மாறியுள்ளன. உதாரணமாக, இன்று தனித் தாலுகாவாக உள்ள மரக்காணம் அன்று திண்டிவனம் தாலுகாவில் இருந்தது.

வழக்கின் மதிப்பும் வகையும் முக்கியம். 1873ஆம் ஆண்டின் மதராஸ் சிவில் கோர்ட்டுகள் சட்டம், முன்சீப் விசாரிக்கும் தாவாவுக்கு 2,500 ரூபாய் வரம்பு வைத்தது. பின்னர் அது உயர்ந்தது. அதற்கு மேற்பட்டவை சப் கோர்ட்டுக்கோ ஜில்லா கோர்ட்டுக்கோ போயின. பொது வக்ஃப் நிர்வாகத்தைச் சீர்செய்யக் கோரி சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவில் போடப்பட்ட 'ஸ்கீம்' வழக்குகள் பெரும்பாலும் ஜில்லா கோர்ட்டுக்கு உரியவை. திண்டிவனம் பள்ளிவாசல் ஒன்றின் ஸ்கீம் டிக்ரியைத் திண்டிவனத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்றால், கடலூரில் தேடாமல் முடிவுக்கு வரக்கூடாது.

கட்டுக்குள் என்ன இருக்கும்?

பிராது, எதிர்வழக்குரை, சாட்சிகளின் வாக்குமூலங்கள், தாக்கலான ஆவணங்களின் பட்டியல், தீர்ப்பு, டிக்ரி ஆகியவை ஒரு கட்டில் இருக்கும். பாகப்பிரிவினைத் தாவா என்றால் வாதி தன் உறவு முறையை நிரூபித்தாக வேண்டும். அதற்காக வம்சாவளி தாக்கலாகும். அதில் மகள்களின் பெயர்களும் இருக்கும். குடும்ப நினைவில் "இன்னாரின் மனைவி" என்று மட்டும் மிஞ்சிய பெண்மணி அங்கே தன் சொந்தப் பெயரோடு, தகப்பனார் பெயரோடு, மஹர் தொகையோடு வருவார். கோஷாப் பெண்கள் நேரில் ஆஜராவதிலிருந்து சட்டம் விலக்கு அளித்திருந்தது. கமிஷனர் வீட்டுக்கே சென்று அவர்களின் வாக்குமூலத்தைப் பதிவு செய்வார். அந்தக் காலத்து முஸ்லிம் பெண் ஒருவரின் பேச்சு எழுத்தில் கிடைக்கும் மிகச் சில இடங்களில் இது ஒன்று.

சொத்துத் தபசிலில் நான்கு எல்லைகளும் எழுதப்பட்டிருக்கும். "கிழக்கே தர்கா வீதி, தெற்கே ஈத்காஹ் நிலம்" என்பது போன்ற ஒரு வரி அடுத்தவர் வீட்டுத் தாவாவில் இருந்தால்கூட அது நம் ஊருக்குச் சான்று.

நகல் பெறுவது எப்படி?

முதலில் வழக்கு எண்ணையும் ஆண்டையும் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டிலுள்ள பழைய பத்திரங்களைப் பாருங்கள். "ஓ.எஸ். நெ." என்று தொடங்கும் குறிப்பு அசல் வழக்கையும், "ஏ.எஸ்." அப்பீலையும், "ஈ.பி." டிக்ரியை நிறைவேற்றக் கோரிய மனுவையும் குறிக்கும். பத்திரத்தின் மேல் கோர்ட்டு முத்திரையோடு 'ஏ 1', 'பி 3' போன்ற குறி இருந்தால் அது சாட்சியாவணமாகத் தாக்கலாகித் திரும்பி வந்த அசல். 'ஏ' வரிசை வாதியுடையது, 'பி' வரிசை பிரதிவாதியுடையது. வழக்கு முடிந்தபின் அசல் ஆவணங்களைத் தாக்கல் செய்தவரே திரும்பப் பெறலாம் என்பதால், கோர்ட்டில் இல்லாதது நம் பரணில் இருக்கக்கூடும்.

எண் கிடைக்காவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று கேளுங்கள். அதில் தெரியவரும் பத்திரங்களின் நகலை எடுத்து வாசித்தால், கோர்ட்டு ஏலமோ டிக்ரியோ குறிப்பிடப்பட்டிருக்கலாம். மேல்முறையீடு உயர் நீதிமன்றம் வரை போயிருந்தால் 1876 முதல் வெளிவரும் சட்ட அறிக்கைகளின் மதராஸ் தொகுதிகளில் தேடலாம். இணையவழி நீதிமன்றத் தளத்தில் கிடைப்பவை பெரும்பாலும் அண்மைக்கால வழக்குகளே.

பிறகு நகல் மனு. வழக்கில் கட்சிக்காரராக இல்லாதவர், தமக்கு அந்த நகல் ஏன் தேவை என்று பிரமாண வாக்குமூலத்துடன் கேட்டு, கோர்ட்டின் உத்தரவு பெற வேண்டும். உள்ளூர் வக்கீல் ஒருவரின் உதவி இருந்தால் எளிது.

வாசிக்கும்போது கவனிக்க வேண்டியவை

ஆண்டு பசலியில் இருந்தால் 590 கூட்டுங்கள். பசலி 1330 என்பது 1920 ஜூலை முதல் 1921 ஜூன் வரை. பெயர்களின் எழுத்து மாறும். ஷேக் என்பது சேகு, செய்கு என்றும், முஹம்மது என்பது மகம்மது, மம்மது என்றும் வரும். ராவுத்தர், லெப்பை, மரைக்காயர், சாயபு என்ற பட்டங்கள் ஒரே ஆளுக்கு வெவ்வேறு தாள்களில் வெவ்வேறாக இருக்கலாம். தகப்பனார் பெயரும் ஊரும் சேர்ந்து பொருந்தினால் மட்டுமே ஒரே ஆள் என்று கொள்ளுங்கள்.

பிராதில் உள்ளது வாதியின் கூற்று. எதிர்வழக்குரையில் உள்ளது பிரதிவாதியின் கூற்று. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளரை எடைபோடுவது போல இங்கும் யார் சொன்னார், அவருக்கு அதில் என்ன லாபம் என்று பார்க்க வேண்டும். தன் நலனுக்கு எதிராக ஒருவர் ஒப்புக்கொண்டது வலுவானது. போகிற போக்கில் சொன்ன ஊர்ச் செய்தியும் பெரும்பாலும் நம்பத்தக்கது.

வக்ஃபுக்கு இதன் அவசரம்

1923ஆம் ஆண்டின் முஸல்மான் வக்ஃப் சட்டம், முத்தவல்லிகள் வக்ஃப் சொத்தின் விவரம், வருமானம், செலவு, வக்ஃப் பத்திரம் இருந்தால் அதன் நகல் ஆகியவற்றைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும் என்றது. 1954 சட்டத்தின் கீழ் நடந்த வக்ஃப் சர்வேக்கும் அரசிதழ்ப் பட்டியலுக்கும் முந்தைய சான்று இது. 2025 திருத்தச் சட்டம் 'பயன்பாட்டால் வக்ஃப்' என்ற வகையை இனி வருவனவற்றுக்கு நீக்கிவிட்ட நிலையில், எழுத்துச் சான்றின் மதிப்பு கூடியிருக்கிறது. மறுபக்கம், 1917ஆம் ஆண்டின் ஆவண அழிப்புச் சட்டப்படி, குறித்த காலம் கழிந்த காகிதங்களைக் கோர்ட்டுகள் அழிக்கலாம். தீர்ப்பும் டிக்ரியும் நீண்ட காலம் காக்கப்படும். வாக்குமூலங்களுக்கு அந்தப் பாதுகாப்பு குறைவு. ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் பள்ளிவாசல், கபரஸ்தான், ஈத்காஹ் பற்றிய வழக்கு எண்களைப் பட்டியலிட்டு, சான்றிட்ட நகல்களைப் பெற்று, ஒரு கோப்பில் வைப்பது இன்றைய கடமை. அசல் பத்திரங்களை லேமினேஷன் செய்யாமல் உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

கிடைத்த செய்தி ஓர் அமானத்

உறவைப் பேணுவதற்காக வம்சாவளியை அறிந்துகொள்ளச் சொன்னார்கள் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள். கட்டுகளில் பெருமையும் கிடைக்கும். மறைக்க வேண்டிய குறையும் கிடைக்கும். இறந்தவரின் குறையை வாட்ஸ்அப்பில் பரப்புவது ஆய்வு ஆகாது.

ஒரு விஷயத்தை மட்டும் மறைக்கக்கூடாது. 1873 சட்டம் முஸ்லிம் வாரிசுரிமைக்கு ஷரீஅத்தோடு ஊர் வழக்கத்துக்கும் இடம் கொடுத்தது. 1937 ஷரீஅத் சட்டமும், விவசாய நிலத்தையும் சேர்த்த 1949 மதராஸ் திருத்தமும் வரும்வரை, "எங்கள் குடும்பத்தில் பெண்களுக்குப் பங்கு கொடுக்கும் வழக்கம் இல்லை" என்று வாதிட இடமிருந்தது. அப்படி ஒரு பாட்டியின் பங்கு பறிபோனதைக் கட்டில் கண்டால், அவருடைய வாரிசுகளைத் தேடிச் செய்தியைச் சேர்ப்பியுங்கள். ஆலிம்களிடம் கேட்டு, இரு குடும்பமும் அமர்ந்து பேசித் தீருங்கள். கோர்ட்டில் காலாவதிச் சட்டம் உண்டு. அல்லாஹ்விடம் அந்தக் கெடு கிடையாது.

கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் அல்பகரா 282ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமானது. நம் முன்னோர் எழுதிவைத்ததை அழியுமுன் எடுத்துக் காக்கும் தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக, ஆமீன்.