தேயிலையும் இரு திரைகளும்

இலங்கையின் ஏனைய பகுதிகளிற் போலவே அட்டன், நுவரெலியா முதலிய மலையக நகரங்களிலும் கணினித் தமிழ் நெடுங்காலம் பாமினி எழுத்துருவின் ஆட்சியிலேயே இருந்தது. அதில் ‘தேயிலை’ என்னும் சொல்லைப் பெறுவதற்குப் பெரிய என், ஜே, ஏ, பி, ஐ, வை ஆகிய ஆங்கில விசைகளை முறையே அழுத்துதல் வேண்டும். கொம்பு முந்தியும் மெய் பிந்தியும் வருவது தட்டச்சுப்பொறி வழிவந்த மரபு. கையெழுத்தின் ஒழுங்கும் அதுவே. ஆயின் கோப்பிற் பதிவாவது அவ்வாறு ஆங்கில எழுத்துகளேயன்றித் தமிழ் அன்று. எழுத்துருவைத் தெரிவுசெய்யத்தக்க வரைகலைத் திரையில் அவை தேயிலையாகத் தோன்றின. எழுத்து மட்டுமே காட்டும் முனையத்தில் அதே கோப்பு பொருளற்ற ஆங்கிலக் குவியலாயிற்று. தோட்ட மக்களைப் பற்றி இவ்வாறு எழுதிவைக்கப்பட்டவற்றுள் ‘தேயிலை’ எனத் தேடுவோர்க்கு எதுவும் அகப்படாது. இவ்விழப்பு சிறிதன்று.

1991இல் வெளிவந்த ஒருங்குறியிலே தமிழ் இடம்பெற்றது. தட்டச்சு மரபையொட்டிய ரெங்கநாதன் விசைப்பலகையை 2008இல் இலங்கைத் தர நிர்ணயம் ஏற்றது. எழுத்துச் சிக்கல் தணிந்தபோதிலும் கட்டளைச் சிக்கல் தலைதூக்கிற்று. 1985இல் வெளியான குனூ ஈமாக்ஸ் என்னும் உரைதொகுப்பியிற் கட்டளைகள் கட்டுப்பாட்டு விசையோடு ஆங்கில எழுத்தை அழுத்தியே பிறப்பிக்கப்படுகின்றன. இயங்குதளத்தின் விசைப்பலகை தமிழுக்கு மாறியிருப்பின் தொகுப்பிக்குச் சேர்வது தமிழெழுத்து, கட்டளை பயனற்றுப்போகும். ஆகவேதான் ஈமாக்ஸ் தனக்குள்ளேயே தமிழ் உள்ளீட்டு முறைகளை வைத்துள்ளது. அவை கட்டளைகளைத் தீண்டுவதில்லை.

முனையத்தின் குறைபாடோ இன்னும் பழையது. தொலையச்சுப் பொறிகளையும் கருத்திற்கொண்டு 1963இல் வகுக்கப்பட்ட ஆஸ்கி நியமத்திலே கட்டுப்பாட்டு விசையுடன் ‘ஐ’ அழுத்துவதும் தத்தல் விசையை அழுத்துவதும் 9 என்னும் ஒரே எண்ணாகும். ‘எம்’மும் உள்ளிடு விசையும் அவ்வாறே 13 ஆகும். வரைகலைச் சாளரத்திற் பிரித்தறியப்படும் இவை மரபுவழி முனையத்தில் ஒன்றாகவே வந்துசேரும். எனவே, எத்திரையில் இயங்குகிறோம் என்பதை முதலில் வினவி, விசைக்கட்டுகளை வேறுவேறாக அமைக்கும் வழக்கம் தோன்றிற்று. லினக்சின் வெற்று முனையத் திரையிலே தமிழைச் செவ்வனே காட்டவும் இயலாதாகலின், தமிழுக்கு மாறும் விசையை வரைகலை அமர்விற்கு மட்டும் ஒதுக்குவதே தக்கது.

பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் நிரலிலோ எழுத்துக்கெழுத்துப் பதிலிட்டால் மட்டும் போதாது. தேயிலையின் ஏகாரக் கொம்பைத் தகரத்திற்கும் ஐகாரக் குறியை லகரத்திற்கும் பின்னே நகர்த்தவும் வேண்டும்.