சிக்கந்தர் சாகிபும் தில்லி ஓவியர்களும்

கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப்படைத் தளபதியாகவே ஜேம்ஸ் ஸ்கின்னர் (1778–1841) பெரிதும் நினைக்கப்படுகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தில்லி ஓவியர்களை ஆதரித்த முதன்மைப் புரவலர்களுள் அவரும் ஒருவர் என்பது படை வரலாறுகளில் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது. ஆயினும் அவர் செய்வித்த ஓவியங்களை அவரது வாழ்விலிருந்து பிரித்துப் பொருள்கொள்ள இயலாது.

தந்தை ஸ்காட்லாந்துக்காரரான கம்பெனி அதிகாரி. தாய் ராஜபுத்திரப் பெண். தாய் தந்தையருள் ஒருவர் இந்தியராயின் கம்பெனியின் அதிகாரிப் பதவி கிடையாது என 1791இல் விதிக்கப்பட்டது. எனவே ஸ்கின்னர் சிந்தியாவின் படையில் சேர்ந்தார். 1803இல் ஆங்கிலேயருடன் போர் மூண்டபோது, சிந்தியாவின் தளபதி பெரோன் அவரைப் பணிநீக்கம் செய்தார். முதலில் தாய்வழிக் குருதி தடையாயிற்று. பின்னர் தந்தைவழிக் குருதி தடையாயிற்று. பெரோனிடமிருந்து கம்பெனியின் பக்கம் வந்த குதிரைவீரர்கள் தங்களுக்குத் தலைவராக ஸ்கின்னரையே வேண்டினர். மஞ்சள் உடையணிந்த அப்படையினருக்கு அவர் ‘சிக்கந்தர் சாகிப்’ ஆனார்.

இவ்வாறு பிறப்பால் இருமுறை விலக்கப்பட்டவரே, பிறப்பால் மக்களை வகைப்படுத்தும் ஒரு பெருநூலை உருவாக்கினார். ஹான்சியில் 1825இல் நிறைவுற்ற ‘தஷ்ரீஹ் அல்-அக்வாம்’, வட இந்தியச் சாதிகள், தொழிலினர், துறவியர் ஆகியோரை நூற்றுக்கு மேற்பட்ட ஓவியங்களுடன் விவரிக்கிறது. சிற்றரசர் குடும்பங்களைப் பற்றிய ‘தஸ்கிரத் அல்-உமரா’ 1830இல் தொடர்ந்தது.

முதல் நூலைக் காலனிய இனவரைவியலின் முன்னோடியாக மட்டும் வாசிப்பது போதாது. அதன் மொழி பாரசீகம். நாட்டையும் குடிகளையும் தொகுத்துரைக்கும் முகலாயக் கால நூல்மரபும் அதன் பின்னணியில் உண்டு. பிற்காலக் குடிக்கணக்கெடுப்பின் அட்டவணைகளில் மனிதர் எண்ணிக்கையாகிவிடுகின்றனர். இங்கோ ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு முகமும் ஒரு நிற்கும் பாங்கும் உள்ளன. எனினும் அம்முகம் ஒரு சாதியின் மாதிரியாகவே பக்கத்தில் இடம்பெறுகிறது. பரிவும் வகைப்பாடும் ஒரே தாளில் சேர்ந்திருப்பதே இந்நூலின் சிக்கல்.

ஓவியர்களின் நிலையும் கருதத்தக்கது. 1827இல் ஸ்கின்னரின் படைத் தர்பாரை வரைந்த குலாம் அலி கான், முகலாய அரசவைக்கும் பணியாற்றியவர். ஒரே தூரிகை பேரரசருக்கும் படைத்தலைவருக்கும் உழைத்தது. ‘கம்பெனி ஓவியம்’ என்னும் பொதுப்பெயர் புரவலரை முன்னிறுத்தி, அரசவையில் பயின்ற இக்கலைத் தொடர்ச்சியை மறைத்துவிடுகிறது.

ஸ்கின்னர் தம் செலவில் எழுப்பிய புனித ஜேம்ஸ் தேவாலயம் தில்லி காஷ்மீரி கேட் அருகே இன்றும் நிற்கிறது. அவரது கல்லறை அதனுள் உள்ளது. அவர் திரட்டிய படைப்பிரிவு இந்திய இராணுவத்தில் தொடர்கிறது. அவருக்காக வரைந்தோருள் பலருக்கோ பெயர்கூட எஞ்சவில்லை. புரவலரின் வாழ்க்கை வரலாற்றை எழுதும்போது, அந்தப் பெயரின்மையையும் வரலாற்றின் பகுதியாகவே எழுதவேண்டும்.